கைகளுக்கு ஒரு தேர்வு

நுழையும்முன்

விபத்தும் திடீர் நோயும் மருத்துவர் இருக்கும் இடம் பார்த்து வருவதில்லை. அவை நேரும் இடத்தில் முதலில் இருப்பவர் பெரும்பாலும் உறவினராகவோ உடன் பணிபுரிபவராகவோ வழிப்போக்கராகவோ இருப்பார். அவருக்கு உண்மையில் தெரிந்திருப்பது எது, தெரியும் என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பது எது என்பதைப் பிரித்துக் காட்டும் தேர்வுகளைப் பற்றியது இக்கட்டுரை.

ஆற்றங்கரையில் ஓர் ஊர்

நாமக்கல் மாவட்டத்தின் மேற்கு விளிம்பில், காவிரியின் கிழக்குக் கரையில் அமைந்துள்ளது பள்ளிபாளையம். பாலத்தைக் கடந்தால் மறுகரையில் ஈரோடு. விடியுமுன்பே எழும் விசைத்தறிகளின் ஓசை இவ்வூர்த் தெருக்களில் இரவு நெடுநேரம் வரை ஓய்வதில்லை. தறிக்கூடங்கள், நூற்பாலைகள், சாயப்பட்டறைகள், காகித ஆலை, சர்க்கரை ஆலை, கரும்பும் மஞ்சளும் விளையும் வயல்கள், நெரிசல் மிகுந்த பாலச்சாலை, இவற்றையெல்லாம் ஒட்டி ஓடும் ஆறு என அனைத்தும் சில கல் தொலைவுக்குள் அடங்கிவிடுகின்றன. ஆகவே இங்கு நேரக்கூடிய இடர்களும் பலவகைப்பட்டவை. தறியிலிருந்து தெறிக்கும் நாடா கண்ணைத் தாக்கலாம். ஈரக்கை மின்கம்பியில் படலாம். சாயப்பட்டறையின் வேதிப்பொருள் முகத்தில் சிதறலாம். தோட்டத்தில் பாம்பு தீண்டலாம். படித்துறையில் குளிக்க இறங்கியவர் கால் நழுவி ஆழத்தில் சிக்கலாம்.

இவற்றுள் எது நேரினும் முதல் சில நிமிடங்களே பலவற்றைத் தீர்மானிக்கின்றன. மூளைக்கு உயிர்வளி செல்வது நின்றுவிட்டால் ஏறத்தாழ நான்கு நிமிடங்களில் அதன் செல்கள் சிதையத் தொடங்குகின்றன. எத்துணை விரைந்து வரும் ஊர்தியும் நான்கு நிமிடத்திற்குள் வந்து சேர்தல் அரிது. அந்த இடைவெளிக்குப் பொறுப்பாளர் அருகில் நிற்பவரே. திருக்குறளின் மருந்து அதிகாரம் மருத்துவத்தின் கூறுகளை எண்ணும்போது நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து உதவுபவரையும் நான்காவதாகச் சேர்த்தே எண்ணுகிறது. மற்ற மூன்றும் வந்து சேர்வதற்குள் நான்காமவர் தனித்துச் செயற்பட வேண்டிய நிலையே அவசரநிலை எனலாம்.

தெரியும் என்னும் எண்ணம்

முதலுதவி தெரியுமா என்று கேட்டால் பெரும்பாலோர் தெரியும் என்றே கூறுவர். அவ்வாறு கூறுவோர் பொய் சொல்வதில்லை. ஏதோ ஒன்று அவர்களுக்குத் தெரிந்துதான் இருக்கிறது. அது எது என்பதைத்தான் தேர்வு வெளிக்கொணர்கிறது. கீழ்க்காணும் வினாவைக் கருதுக.

ஆற்றிலிருந்து மீட்கப்பட்ட சிறுவன் ஒருவன் கரையில் அசைவின்றிக் கிடக்கிறான். அழைத்தால் விழிக்கவில்லை, மூச்சும் இல்லை. முதலில் செய்யத்தக்கது யாது? அவனைத் தலைகீழாகத் தூக்கிச் சுழற்றுவதா, வயிற்றை அமுக்கி நீரை வெளியேற்றுவதா, கம்பளியால் போர்த்தி உடலைச் சூடேற்றுவதா, வாயோடு வாய் வைத்து மூச்சு ஊட்டுவதா?

ஆற்றங்கரை ஊர்களில் வளர்ந்த பலர் முதல் இரண்டில் ஒன்றையே தேர்ந்தெடுப்பர். நீரில் மூழ்கியவரின் உடலில் நீர் நிரம்பியிருக்கும், அதை வெளியேற்றினால் உயிர் திரும்பும் என்பது கண்ணுக்குப் பொருத்தமாகத் தோன்றும் கருத்து. ஆனால் நுரையீரலுக்குள் செல்லும் நீரின் அளவு பெரும்பாலும் குறைவே. வயிற்றை அமுக்கும்போது வெளிவருவது இரைப்பையில் உள்ள நீரும் உணவும் ஆகும். அவை மூச்சுக்குழலுக்குள் புகுந்து, எஞ்சியிருந்த வழியையும் அடைத்துவிடக்கூடும். சிறுவனின் உடல் அப்போது வேண்டி நிற்பது உயிர்வளி ஒன்றையே. எனவே முதலில் சில முறை மூச்சு ஊட்டிவிட்டு, மார்பின் நடுவில் 30 முறை அழுத்துதலும் 2 முறை மூச்சு ஊட்டுதலுமாக மாறி மாறிச் செய்ய வேண்டும். சி.பி.ஆர். எனப்படும் இதய இயக்க மீட்பு முறை இதுவே. தலைகீழாகச் சுழற்றிய ஒவ்வொரு நொடியும் இதற்குரிய நேரத்திலிருந்து கழிந்த நொடியாகும்.

இவ்வினாவின் நுட்பம் அதன் தவறான விடைகளில் இருக்கிறது. அவை எவராலும் புறந்தள்ளப்படும் வேடிக்கையான விடைகள் அல்ல. அந்த ஊரின் படித்துறையில் உண்மையிலேயே செய்யப்படுபவை. நல்ல வினா அமைப்பவர் சரியான விடையை நூலிலிருந்தும் தவறான விடைகளை ஊரிலிருந்தும் எடுப்பார். வலிப்பு வந்தவரின் கையில் இரும்புச் சாவியைத் திணித்தல், தீப்புண்ணில் பற்பசையைப் பூசுதல், மயங்கிக் கிடப்பவரின் வாயில் நீர் ஊற்றுதல், குத்தி நிற்கும் பொருளை உடனே பிடுங்குதல் ஆகிய யாவும் இத்தகைய விடைகளே. ஒன்றும் அறியாதவர் சற்றுத் தயங்கி நிற்பார், பிறர் சொல்வதைக் கேட்பார். பிழையாக அறிந்தவரோ தயங்குவதே இல்லை. சூழ்ந்து நிற்போரை விலக்கிக்கொண்டு முன்வருபவர் பெரும்பாலும் அவரே.

பாம்புக்கடி பற்றிய வினா இன்னும் கூர்மையானது. கடித்த இடத்திற்கு மேல் இறுகக் கட்டுவது, கீறி உறிஞ்சுவது ஆகியவை தவறு என்பதை இன்று பலர் அறிவர். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நஞ்சுமுறி மருந்து உள்ள மருத்துவமனைக்கு விரைந்து கொண்டுசெல்வதே வழி. ஆனால் வினா வேறுவிதமாகவும் கேட்கப்படலாம். இரவில் தரையில் பாய் விரித்து உறங்கிய ஒருவர் விடியற்காலையில் வயிற்றுவலி என்று எழுகிறார். சற்று நேரத்தில் அவர் கண்ணிமைகள் சரிகின்றன, பேச்சு குழறுகிறது. உடலில் காயமோ வீக்கமோ புலப்படவில்லை. ஐயுற வேண்டியது எதனை? இங்கே பாம்பு என்ற சொல்லே வினாவில் இல்லை. கட்டுவிரியன் இரவில் உறங்குவோரைத் தீண்டும் இயல்புடையது. அதன் கடி பல நேரங்களில் வலியோ வீக்கமோ தோற்றுவிப்பதில்லை. நஞ்சு நரம்புகளைத் தாக்கிய பின்னரே இமைகள் சரியத் தொடங்கும். வயிற்றுவலிக்குக் கைமருந்து கொடுத்துப் படுக்க வைக்கும் வீட்டிற்கும், உடனே மருத்துவமனைக்குப் புறப்படும் வீட்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு இந்த ஒரு வினாவுக்கு விடை தெரிந்திருப்பதுதான்.

சான்றிதழின் பிறப்பு

மருத்துவர் அல்லாதவருக்கு அவசர உதவியைக் கற்பித்துத் தேர்வு நடத்திச் சான்றிதழ் வழங்கும் வழக்கம் ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுப் பழைமை உடையது. இங்கிலாந்தில் 1877ஆம் ஆண்டு செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ் கழகம் தோன்றியது. அடுத்த ஆண்டில் பீட்டர் ஷெப்பர்டு என்னும் படை மருத்துவர் இலண்டனை அடுத்த ஊல்விச்சில் பொதுமக்களுக்கான முதலுதவி வகுப்பைத் தொடங்கினார். தாம் தொடங்கி வைத்த பணி உலகெங்கும் பரவியதைக் காணும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. 1879 சனவரியில் தென்னாப்பிரிக்கப் போர்க்களத்தில் உயிர்துறந்தார். சுரங்கங்களும் தொடர்வண்டித் தடங்களும் ஆலைகளும் பெருகி வந்த காலம் அது. முதலுதவிக் கல்வியின் தேவை தொழிலகங்களில் மிகுதியாக உணரப்பட்டது.

இந்தியச் சட்டமும் இதே தடத்தில் சென்றது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் ஒவ்வொரு 150 தொழிலாளர்க்கும் ஒன்றுக்குக் குறையாமல் முதலுதவிப் பெட்டி வைக்கப்பட வேண்டும் என வகுத்தது. அத்துடன் நிற்கவில்லை. அப்பெட்டி, மாநில அரசு ஏற்கும் முதலுதவிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். வேலைநேரம் முழுவதும் அவர் எளிதில் கிடைக்கக்கூடியவராக இருக்க வேண்டும் என்றும் கூறியது. பெட்டியை மட்டும் சுவரில் மாட்டி வைத்தால் போதாது, அதைத் திறக்கும் கை தேர்வில் வென்ற கையாக இருக்க வேண்டும் என்பதே இதன் கருத்து. தமிழ்நாட்டில் பேருந்து நடத்துநர் உரிமம் பெற விரும்புவோர் முதலுதவிச் சான்றிதழ் காட்ட வேண்டும் என்னும் நடைமுறையும் இக்கருத்தின் நீட்சியே.

பள்ளிபாளையத்தின் பெரிய ஆலைகளுக்கு இவ்விதி பொருந்தியது. ஆனால் மின்விசையால் இயங்கும் இடத்தில் பத்துத் தொழிலாளராவது இருந்தால்தான் அச்சட்டத்தின் பார்வையில் அது தொழிற்சாலையாகக் கருதப்பட்டது. வீட்டை ஒட்டிய கொட்டகையில் நான்கு தறிகளும் கணவனும் மனைவியும் ஓர் உதவியாளருமாக நடக்கும் தறிக்கூடம் அந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது. அங்கே பெட்டி வைக்கச் சொல்வாரும் இல்லை. தேர்வு வைப்பாரும் இல்லை. ஆயினும் மின்சாரம் ஆலையில் தாக்குவது போலவே கொட்டகையிலும் தாக்குகிறது. அக்குடும்பத்தில் முதலுதவித் தேர்வு எழுதும் வாய்ப்புள்ள ஒரே ஒருவர் பள்ளியில் பயிலும் பிள்ளையாகத்தான் இருக்க முடியும். சாரணர் இயக்கமும் இளஞ்செஞ்சிலுவைச் சங்கமும் பள்ளிகளில் முதலுதவியைப் பயிற்றுவிப்பதன் பயன் பள்ளி வளாகத்தைக் கடந்தும் செல்வது இவ்வாறுதான்.

மூச்சு வாங்கும் பொம்மை

எழுத்துத் தேர்வு அறிவை அளக்கும். மார்பை எத்துணை ஆழத்திற்கு அழுத்த வேண்டும் என்ற வினாவுக்கு ஐந்து செ.மீ. என எழுதி மதிப்பெண் பெற்றுவிடலாம். ஆனால் தன் கை அழுத்துவது ஐந்து செ.மீ. தானா, மூன்றா என்பதை எழுதியவர் அறிய இயலாது. உயிருள்ள ஒருவரின் மார்பில் அழுத்திப் பழகவும் கூடாது. இயல்பாகத் துடிக்கும் இதயத்தை அது ஊறு செய்யும். இச்சிக்கலுக்கு விடை ஒரு பொம்மைத் தொழிலாளியிடமிருந்து வந்தது.

நார்வே நாட்டின் ஸ்டாவங்கர் நகரில் பொம்மைகள் செய்துவந்தவர் ஆஸ்முண்ட் லேர்டால். அவருடைய இரண்டு வயது மகன் ஒருமுறை நீரில் மூழ்கி உயிருக்குப் போராடியபோது அவரே அவனை மீட்டெடுத்தார். சில ஆண்டுகள் கழித்து, மூச்சு ஊட்டும் முறையை ஆராய்ந்து வந்த பீட்டர் சஃபார் முதலிய மருத்துவர்களின் கருத்துக்கிணங்க, பயிற்சிக்கென ஆளுயரப் பொம்மை ஒன்றை அவர் உருவாக்கினார். பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகக் கூறப்படும் பெயர் தெரியாத இளம்பெண்ணின் முகவார்ப்பு ஒன்று ஐரோப்பிய வீடுகளில் அக்காலத்தில் அழகுப்பொருளாக விளங்கியது. அம்முகத்தையே லேர்டால் தம் பொம்மைக்குச் சூட்டினார். 1960இல் அறிமுகமான அப்பொம்மை ஆனி என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்படுகிறது. மார்பை அழுத்தும் முறையை அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவ ஆய்வாளர்கள் வெளியிட்டதும் அதே ஆண்டில்தான்.

இப்பொம்மை வந்தபின் தேர்வின் தன்மையே மாறியது. தலையைச் சரியாகச் சாய்க்காவிடில் பொம்மையின் மார்பு உயராது. மூச்சு உள்ளே செல்லவில்லை என்பது தேர்வாளர் சொல்லாமலே விளங்கிவிடும். இக்காலப் பயிற்சிப் பொம்மைகள் பலவற்றில் போதிய ஆழம் அழுத்தினால் ‘டக்’ என்னும் ஒலி கேட்கும். நிமிடத்திற்கு 100 முதல் 120 வரை என்னும் வேகத்தில் அழுத்த வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திற்கும் பின் மார்பு முழுமையாக மேலெழ விட வேண்டும். நன்கு படித்த மாணவர்கள் பலர் இரண்டு நிமிடம் முடிவதற்குள் வியர்த்துச் சோர்ந்துபோவர். உதவிக்கு மற்றொருவரை அழைத்து முறைமாற்றிக்கொள்ள வேண்டும் என்று பாடநூலில் இருந்த தொடரின் பொருள் அவர்களுக்கு அப்போதுதான் புலனாகும்.

எதை முதலில் செய்வது?

தமிழ்நாட்டில் 108 அவசர ஊர்திச் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. இவ்வூர்தியில் மருத்துவ உதவியாளராகச் சேர விரும்புவோருக்கு முதலில் எழுத்துத் தேர்வும், பின்னர் உடற்கூறியல், முதலுதவி, அடிப்படைச் செவிலியர் பணி ஆகியவை குறித்த நேர்முகத் தேர்வும் நடத்தப்படுகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஊர்தியிலுமாகப் பல வாரம் பயிற்சி பெற்ற பின்னரே பணிக்கு அனுப்பப்படுகின்றனர். செவிலியர் படிப்பு, மருந்தியல் படிப்பு ஆகியவற்றோடு விலங்கியல், தாவரவியல் முதலிய உயிர் அறிவியல் பட்டம் பெற்றோரும் இப்பணிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பதினோராம் வகுப்பில் பயில்வோர் அறிந்துகொள்ளத்தக்க செய்தி.

இத்தகைய தேர்வுகளில் மிகுதியாகப் பிழை நேர்வது செய்திகளில் அன்று, வரிசையில்தான். தறிக்கூடத்தில் ஒருவர் மின்கம்பியைப் பற்றியபடி விழுந்து கிடக்கிறார், என்ன செய்வீர்? மூச்சைப் பார்ப்பேன், நாடியைப் பார்ப்பேன், மார்பை அழுத்துவேன் என அனைத்தையும் பிழையின்றிச் சொல்லும் தேர்வர் தோல்வியடைவார். மின்சாரத்தை நிறுத்தாமல் தொட்ட அக்கணமே விபத்தில் சிக்கியோர் இருவராகிவிட்டனர். இடம் பாதுகாப்பானதா என்பதே முதல் வினா; பிறவெல்லாம் அதன் பின்னரே. ஆகையால் தறிக்கூடத்தில் பணிபுரியும் ஒவ்வொருவரும், பாவு பிணைப்பவராயினும் தார் சுற்றுபவராயினும், முதன்மை மின்விசை மாற்றி எந்தச் சுவரில் உள்ளது என்பதைக் கண்ணை மூடிக்கொண்டு கூற இயல வேண்டும். எழுத்தறிவு இல்லாதவரும் எழுதாமலே வெல்லக்கூடிய தேர்வு இது.

சாலை விபத்து பற்றிய வினா ஒன்று மனத்தின் இயல்பைச் சோதிக்கிறது. பேருந்து கவிழ்ந்து கிடக்கிறது. கால் முறிந்த ஒருவர் பெருங்குரலில் அலறுகிறார். நெற்றியில் குருதி வழிய ஒருவர் அங்குமிங்கும் நடக்கிறார். மூன்றாமவர் ஓரமாக ஓசையின்றிக் கிடக்கிறார். யாரிடம் முதலில் செல்வது? இரக்கமுள்ள எவருடைய கால்களும் அலறுபவரை நோக்கியே செல்லும். ஆனால் அலறுபவருக்கு மூச்சுவழி திறந்திருக்கிறது என்பதற்கு அந்த அலறலே சான்று. நடப்பவருக்கு நினைவு இருக்கிறது. ஓசையற்றவரின் நிலையே அறியப்படாதது. அவரிடமே முதலில் செல்ல வேண்டும். அவர் அவ்வப்போது வாய் திறந்து ஏங்குவது போல மூச்சிழுத்தால் அதனை இயல்பான மூச்சு எனக் கொண்டு விட்டுவிடக் கூடாது. இதயம் நின்றபின் சில நிமிடங்கள் தோன்றக்கூடிய அந்த ஏக்கத்தைக் கண்டு ‘மூச்சு இருக்கிறது’ என விலகி நின்றோர் உலகெங்கும் பலர்.

மறக்கும் கைகள்

ஒருமுறை தேர்ச்சி பெற்றவர் என்றும் தேர்ச்சி பெற்றவராக இருப்பாரா? இல்லை. இதய இயக்க மீட்புப் பயிற்சி பெற்றோரைச் சில மாதங்கள் கழித்து மீண்டும் சோதித்த ஆய்வுகள், செயல்திறன் விரைவில் குன்றுவதைத் தொடர்ந்து காட்டியுள்ளன. கருத்து நினைவில் நிற்கும், கை மறந்துவிடும். இதனால்தான் இவ்வகைச் சான்றிதழ்களுக்குக் காலவரம்பு குறிக்கப்படுகிறது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்தல் பல நாடுகளில் வழக்கம். இதனை வெறும் சடங்காகக் கருதுவோரும் உண்டு. பயன்படுத்தாத நீச்சல்கூட மறப்பதில்லையே என்பர். நீச்சலைக் கற்றவர் நூறு முறை நீந்தியிருப்பார்; மார்பு அழுத்தத்தைக் கற்றவர் பயிற்சி நாளுக்குப் பின் ஒருமுறையும் செய்திருக்கமாட்டார்.

தேர்வும் பயிற்சியும் ஒரு நாடு முழுவதும் பரவினால் என்ன நிகழும் என்பதற்கு டென்மார்க் எடுத்துக்காட்டாக நிற்கிறது. அந்நாட்டில் 2005இல் பள்ளிகளிலும் 2006இல் ஓட்டுநர் உரிமம் பெறுவோர்க்கும் முதலுதவிப் பயிற்சி கட்டாயமாக்கப்பட்டது. மருத்துவமனைக்கு வெளியே இதயம் நின்றவர்களுள், அருகிலிருந்தோரால் இதய இயக்க மீட்பு செய்யப்பெற்றோர் 2001இல் நூற்றுக்கு 21 பேர். 2010இல் அது 45 பேர் ஆனது. முப்பது நாள்களுக்குப் பின்னும் உயிருடன் இருந்தோர் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு என்னும் நிலையிலிருந்து பதினொருவரை நெருங்கினர். ஊர்திச் சேவையிலும் மருத்துவத்திலும் ஏற்பட்ட மேம்பாட்டுக்கும் இதில் பங்குண்டு. பயிற்சியை மட்டுமே காரணமாகக் காட்ட இயலாது. எனினும் கை வைக்கத் துணிந்தோர் இருமடங்கானது பெரிய மாற்றமே.

கை வைக்கத் துணிவதற்கு நம் நாட்டில் மற்றோர் அச்சமும் தடையாக இருந்தது. உதவப் போய் வழக்கில் சிக்கிக்கொள்வோமோ என்பதே அது. விபத்தில் சிக்கியோருக்கு உதவுவோரைக் காக்கும் நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016 மார்ச்சு 30 அன்று சட்ட வலிமை அளித்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் நல்லெண்ணத்துடன் உதவியவர் மீது வழக்குத் தொடர இயலாது என்கிறது. தம் பெயரையும் முகவரியையும் கூறுமாறு அவரை வற்புறுத்தவும் கூடாது. சாலை விபத்தில் காயமுற்றோர்க்கு முதல் 48 மணிநேரச் சிகிச்சைச் செலவை அரசே ஏற்கும் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் தமிழ்நாட்டில் 2021 திசம்பரில் தொடங்கப்பட்டது. முதலுதவித் தேர்வுகளில் இவையும் வினாக்களாக இடம்பெறுவது பொருத்தமானது. சட்டம் தன்னைக் காக்கும் என்பதை அறியாதவர், மருத்துவ முறை அனைத்தையும் அறிந்திருந்தும் கூட்டத்தில் ஒருவராக நின்றுவிடக்கூடும்.

எளிதாகத் தோன்றும் வினா

எல்லாவற்றினும் எளிதாகத் தோன்றுவது 108க்குத் தொலைபேசியில் பேசிக் காட்டும் செய்முறைத் தேர்வு. ஒருவர் அழைப்பவராகவும் மற்றொருவர் அழைப்பை ஏற்பவராகவும் அமர்வர். அழைப்பவர் பதற்றத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை விரிவாகச் சொல்லிவிட்டு, எங்கே நிகழ்ந்தது என்பதைச் சொல்லாமலே இணைப்பைத் துண்டித்துவிடுவது இத்தேர்வில் அடிக்கடி காணப்படும் பிழை. இடத்தைச் சொல்வோரும் தமக்குப் பழகிய முறையில் சொல்லிவிடுவர். அழைப்பை ஏற்பவர் சென்னையில் உள்ள கட்டுப்பாட்டு மையத்தில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு இவ்வூரின் தெருக்கள் தெரியா.

“விபத்து எங்கே?”

“பாலத்தில்.”

“எந்த ஊர்ப் பாலம்?”

“காவிரிப் பாலம். ஈரோட்டிலிருந்து வரும்போது…”

“பாலத்தின் எந்த முனை? ஈரோட்டுப் பக்கமா, பள்ளிபாளையத்துப் பக்கமா?”

ஒரு முனை ஈரோடு மாவட்டத்தில் இருக்கிறது; மறுமுனை நாமக்கல் மாவட்டத்தில் இருக்கிறது. எந்தக் கரையிலிருந்து ஊர்தி புறப்பட வேண்டும், நெரிசல் மிகுந்த பாலத்தை அது கடக்க வேண்டியிருக்குமா என்பன அழைத்தவர் சொல்லும் அடுத்த சொல்லைப் பொறுத்தவை.